விடுதியில் ஃப்ளூ காய்ச்சல் பரவாமல் தடுக்க என்ன செய்யலாம்?

கேள்வி: துணை வார்டன், மாணவியர் விடுதி, செங்கல்பட்டு மாவட்டம்

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவியர் விடுதியில் பணிபுரிகிறேன். அறைக்கு நால்வர் வீதம் 340 பேர் தங்கியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு மாணவிக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. மூன்று நாட்களில் அவளுடைய அறைத்தோழியர் மூவரும் படுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் அந்த மாடியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆஸ்துமா உள்ள ஒரு மாணவிக்கு அது நிமோனியாவாக முற்றி, ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. தருமபுரியிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்த அவளுடைய தாயாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் நின்றேன்.

அப்போது நுழைவாயிலில் சானிடைசர் வைத்தோம். நாள்தோறும் தரையைப் பினாயில் ஊற்றித் துடைக்கச் செய்தோம். காய்ச்சல் கண்டவர்களுக்கு அவுட்பாஸ் கொடுத்து ஊருக்கு அனுப்பினோம். எதுவும் பரவலை நிறுத்தவில்லை. இப்போது ஆகஸ்ட் மாதம் முடியப் போகிறது. மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. எங்கே தவறினோம், இந்த முறை எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சமூக மருத்துவத் துறை மருத்துவர்

அம்மா, நீங்கள் செய்தவை வீண் அல்ல. ஆனால் நோய் போகும் வழி வேறாக இருந்தது. ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அவ்வாறு வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்றும். ஆகவே அந்த முதல் மாணவி தனக்குக் காய்ச்சல் என்று உங்களிடம் சொன்ன நேரத்தில், அவளோடு ஒரே அறையில் தூங்கிய மூவருக்கும் பெரும்பாலும் தொற்று சேர்ந்திருக்கும். இருமலிலும் தும்மலிலும் பேச்சிலும் வெளிவரும் துளிகளே முக்கியமான வழி. சுவிட்சு, குழாய், கதவுக் கைப்பிடி போன்ற கடினமான பரப்புகளில் கிருமி ஒன்றிரண்டு நாள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் துடைப்பதில் பயன் உண்டு. தரையைத் துடைத்து இந்த நோயை நிறுத்த முடியாது.

நேரம் இருக்கும்போதே செய்ய வேண்டியது தடுப்பூசி. வட மாநிலங்கள் பலவற்றில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்தில் இருக்கும். சென்னை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போட்டுவிடுவது நல்லது. கிருமி அடிக்கடி உருமாறுவதால் சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. தடுப்பூசி நன்கு பொருந்தி அமையும் ஆண்டுகளில்கூட நோயின் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கும். இருந்தாலும் மருத்துவமனை வரை போகும் நிலையைக் குறைப்பதில் அதன் பங்கு பெரிது. எல்லோருக்கும் போடப் பணமில்லை என்றால், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ள மாணவியரையும், மெஸ்ஸில் பரிமாறுவோரையும், துப்புரவுப் பணியாளர்களையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2006–07 குளிர்காலத்தில் மாணவர் விடுதிகளைக் குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முகக்கவசத்தோடு கைச்சுத்தத்தையும் சேர்த்துக் கடைப்பிடித்த குழுவில், நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஃப்ளூ போன்ற நோய் 35 முதல் 51 விழுக்காடு குறைந்திருந்தது. முகக்கவசம் மட்டும் அணிந்த குழுவில் உறுதியான பயன் தெரியவில்லை. அதனால் சானிடைசரை நுழைவாயிலில் வைத்ததோடு விட்டுவிடாமல், மெஸ் வாசலிலும் ஒவ்வொரு மாடியின் கைகழுவும் இடத்திலும் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் ஃப்ளூவும் டெங்குவும் ஒரே மாதங்களில் வருகின்றன. வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், உடல்வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை எடுக்கக் கூடாது. மருத்துவர் பார்க்கும் வரை பாரசிட்டமால் மட்டும் போதும். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கும் வழக்கமும் மாணவரிடையே உண்டு. அவை வைரஸை ஒன்றும் செய்யா. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைக் குறித்து எச்சரித்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் இரத்தம், நகமோ உதடோ நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுகணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்களுக்கு ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவைப்படலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும் என்பதால், அவர்களைக் காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில்: இறுதியாண்டு மாணவி

மேடம், மாணவியர் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் உள்மதிப்பீட்டுத் தேர்வு. என் வருகைப்பதிவு ஏற்கெனவே 76 விழுக்காட்டில் இருந்தது. 75க்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழோடு துறைத்தலைவர் முன் நிற்க வேண்டும். ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு தேர்வு எழுதினேன். அந்த வாரமே என் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை என் சூட்டைத்தான் தணித்தது, என் இருமலிலிருந்து அவர்களைக் காக்கவில்லை என்பதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், படுத்திருந்தால் இழப்பு என்ற நிலை இருக்கும் வரை மாணவியர் மறைக்கத்தான் செய்வார்கள். விடுதியின் நோய்ப் பதிவேட்டில் வார்டன் எழுதும் குறிப்பையே மருத்துவ விடுப்பாக ஏற்கவும், தவறிய உள்தேர்வை மறுமுறை எழுத விடவும் முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சான்றிதழுக்காகவே காய்ச்சலோடு கிளினிக் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருப்பதும் அப்போது நின்றுவிடும்.

பதில்: ஆடவர் விடுதி வார்டன், கோயம்புத்தூர்

இந்த மாணவி கூறியதுதான் அடிப்படை என்று பதினொரு ஆண்டு அனுபவத்தில் நானும் சொல்வேன். எங்கள் விடுதியில் விருந்தினர் அறைகள் இரண்டை மழைக்காலம் முழுவதும் நோயாளிகளுக்கென ஒதுக்கிவிடுகிறோம். முதலில் அதைத் ‘தனிமை அறை’ என்று அழைத்தோம், ஒருவரும் வரவில்லை. ‘ஓய்வறை’ என்று பெயர் மாற்றி, வைஃபை கொடுத்து, கஞ்சியும் இட்லியும் ரசம் சாதமும் டிபன் கேரியரில் நேரத்துக்குப் போக ஏற்பாடு செய்த பிறகு, பையன்கள் தாமாகவே வந்து சொல்லத் தொடங்கினார்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால்தான் அறைக்குத் திரும்பலாம் என்பது விதி.

இரவு வருகைப்பதிவின்போது மாடிவாரியாக யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஒரே மாடியில் இருவர் என்றால் அன்றே அங்கே போய்ப் பாருங்கள். குடிநீர்த் தொட்டியில் சங்கிலியால் கட்டிய ஒரே டம்ளர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பாத்திரத்தைச் சுற்றி நான்கைந்து பேர் போர்வைக்குள் அமர்ந்து ஆவி பிடிப்பதையும் தடுங்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுப்பதாக இருந்தால் அறைக்கே அனுப்புங்கள். அதற்காக வரிசை கட்ட வேண்டாம்.

ஊருக்கு அனுப்புவதைப் பற்றி: பெற்றோர் சொந்த வண்டியில் வந்து அழைத்துச் செல்லும் தொலைவானால் சரி. இருமிக்கொண்டே ஆறு மணி நேரம் பேருந்தில் போய், வீட்டிலிருக்கும் வயதான பாட்டியிடம் சேர்வதைவிட, நம் ஓய்வறை எல்லோருக்கும் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஊருக்கு அனுப்பியது பரிவான செயல் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். வருகைப்பதிவு குறித்த கடிதத்தைத் திங்கட்கிழமை முதல்வரிடம் கொடுக்கிறேன். மருத்துவர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: காற்றோட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் கொசுவுக்கு அஞ்சி மாணவியர் ஜன்னலைத் திறப்பதே இல்லை. டெங்கு பயமும் எனக்கு இருக்கிறது.

பதில்: சமூக மருத்துவத் துறை மருத்துவர்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வராமல் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். பணம் ஒரே தவணையில் கிடைக்காது என்றால் ஓய்வறைகளுக்கும் படிப்பறைக்கும் முதலில் அடியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்பும். அதனால் மாலையில் மட்டும் ஜன்னலை மூடுவது டெங்குவுக்கும் போதிய காப்பு அன்று. மொட்டைமாடியில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டச் செய்யுங்கள். நான்கு கட்டில்களையும் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளிப் போட முடிந்தால் நல்லது. இடமில்லை என்றால் ஒருத்தியின் தலைமாடு அடுத்தவளின் கால்மாட்டுக்கு நேராக வரும்படி மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை, இன்றிரவே தொடங்கலாம்.