ரக்கூன் நாய்களைச் சுட்டால் நோய் ஒழியுமா?

செங்கால்நாரை:
நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, பார்க்க ரக்கூன் போல இருக்கும் காட்டு விலங்கான ரக்கூன் நாய், ஃபின்லாந்து, எஸ்தோனியா காடுகளில் ஒரு வந்தேறி. ரோமத் தொழிலுக்காக 1928 முதல் சுமார் 9,000 விலங்குகளைச் சோவியத் அரசு தூரக்கிழக்கிலிருந்து கொண்டுவந்து மேற்கே விட்டது. ரேபிஸ், சொறி, நாடாப்புழு, தசையில் தங்கும் டிரைக்கினெல்லா புழு என்று எல்லாவற்றையும் சுமக்கும் விலங்கு இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு இனப் பட்டியல் 2019 பிப்ரவரி முதல் இதற்கும் பொருந்துகிறது. சுட்டுக் குறைப்பதுதான் அடிப்படை வேலை, காட்டில் தடுப்பு மருந்து தூவுவதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

நாடித்துடிப்பு:
எஸ்தோனியாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாய்வழித் தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்து விமானத்திலிருந்து போடுவதை அங்கே 2005 இலையுதிர்காலத்தில் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ரேபிஸ் கண்ட விலங்குகள் 266. 2007-ல் 4. நாடு ரேபிஸ் அற்றது என்று 2013-ல் அறிவித்தார்கள். வேட்டை அதற்கு முன்பும் பல்லாண்டுகளாக நடந்ததுதான், நோய் நிற்கவில்லை.

காரணம் விலங்கின் உடலிலேயே இருக்கிறது. ஃபின்லாந்தில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 9 குட்டிகள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்ப்பதால் நிறையத் தேறுகின்றன. நீங்கள் ஒரு ஜோடியைச் சுட்டால் அந்த இடத்தை இலையுதிர்காலத்தில் வெளியேறும் இளசுகள் பிடித்துக்கொள்கின்றன. பத்து, இருபது கிலோமீட்டர் சர்வசாதாரணமாகப் போகும், சில 100 கிலோமீட்டரையும் தாண்டும். அவற்றில் ஒன்று தொற்றியும் அறிகுறி தெரியாத நோய் அடைகாலத்தில் இருந்தால், வைரஸும் கூடவே பயணம் போகிறது. ஃபின்லாந்தில் பல ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுட்டிருக்கிறார்கள். இனம் அசையவில்லையே?

செங்கால்நாரை:
ஸ்வீடனை ஏன் விட்டுவிட்டீர்கள்? ரக்கூன் நாயைப் பிடித்து, இனவிருத்தியை மட்டும் தடுத்து, ஹார்மோன் சுரப்பை அப்படியே விட்டு, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி விடுகிறார்கள். அது தனக்குத் துணை தேடி அலையும். துணை கிடைத்ததும் வேட்டைக்காரர் போய்த் துணையை மட்டும் அகற்றுவார், பட்டை போட்டது மறுபடி தேடக் கிளம்பும். அங்கே இனம் நிலைகொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

நாடித்துடிப்பு:
ஸ்வீடனுக்கு முழுதும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை சிதறலாக இருக்கும் எல்லையோரத்தில் ஒவ்வொரு விலங்கையும் தேடிப் பிடிக்க முடியும். நெருக்கமாக வாழும் தெற்கு ஃபின்லாந்தில் பட்டை மாட்டியது இரண்டாவது இரவே துணை கண்டுவிடும். எத்தனை முறை சுட்டாலும் அடுத்தது தயார்.

ஆந்தைவிழி:
மருந்து இரையைப் பற்றியும் யாராவது விவரமாகச் சொல்ல வேண்டும். 'போட்டால் போதும்' என்ற நினைப்பு ஆபத்து.

வழக்கமான அளவு சதுர கிலோமீட்டருக்கு 20 இரை, ஆண்டுக்கு இருமுறை. இரைக்குள் இருக்கும் உறையை விலங்கு கடித்து உடைக்க வேண்டும். உயிருள்ள வலுக்குறைத்த வைரஸ் வாயின் சவ்விலும் டான்சிலிலும் பட்டால்தான் எதிர்ப்பு உருவாகும். முழுசாக விழுங்கிவிட்டால் வயிற்றில் வீண். கடும் வெயிலில் மருந்து வலுவிழக்கும், உறைபனியில் திரவம் கட்டியாகிவிடும்.

பருவம் இதைவிட முக்கியம். நாய்க் குடும்பத்தில் குளிர்கால உறக்கம் கொள்ளும் இனம் இது ஒன்றுதான். கோடையில் 5 கிலோ அளவில் இருப்பது கொழுப்பு ஏற்றி இலையுதிர்காலத்தில் 8, 9 கிலோவுக்குப் போய் வளைக்குள் முடங்கும். முடங்கிய பிறகு போட்ட இரை வேறு எதன் வயிற்றுக்கோ போகும். குட்டிகள் பெரும்பாலும் மே மாதத்தில் பிறப்பதால் வசந்தகாலச் சுற்று அவற்றை எட்டாது. ஆகவே செப்டம்பர், அக்டோபர் சுற்றைத் தவறவிடவே கூடாது.

தின்றதா என்று பார்க்க இரையில் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கிறார்கள். பல்லிலும் எலும்பிலும் படிந்து, புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும். ஆனால் ஒளிர்வது தின்றதற்கு மட்டுமே சாட்சி. எதிர்ப்பு வந்ததா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

செங்கால்நாரை:
சரி, ரேபிஸை நிறுத்தினீர்கள். சாவு குறைந்தது, கூட்டம் பெருகியது, அடுத்து வந்தது சொறி. சொறியை உண்டாக்கும் சார்கோப்டிஸ் சிற்றுண்ணி தோலைத் துளைக்க, ரோமம் கொட்டி, கொழுப்புச் சேர்க்க முடியாமல் பனிக்காலத்தில் செத்தது எத்தனை? அதற்கு வாய்வழி மருந்து இரை இல்லை. எக்கினோகாக்கஸ் நாடாப்புழு மனிதனின் கல்லீரலை அரிக்கும். அதற்கும் விலங்குகளின் நெருக்கத்தைக் குறைப்பது தவிர வழி என்ன?

ஆந்தைவிழி:
சொறியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நாடாப்புழுவில் குறி தவறுகிறது. ஆய்வகத்தில் தொற்றவைத்தால் ரக்கூன் நாயின் குடலில் நரிக்கு இணையாகப் புழு வளர்கிறது, உண்மை. காட்டில் எஸ்தோனிய நரிகளில் சுமார் மூன்றில் ஒன்றில் கண்ட புழு, ரக்கூன் நாய்களில் 100-க்கு 2-ஐக்கூடத் தொடவில்லை. புழு வயல் எலி வழியாக வருவது. நரி எலியைத் துரத்தித் தின்னும். ரக்கூன் நாயோ தவளை, பழம், செத்த பிராணி என்று கிடைத்ததைத் தின்னும்.

செத்த பிராணி என்றதும் வேட்டைக்காரர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். தோலை உரித்துவிட்டு உடலைக் காட்டில் போடாதீர்கள். தசையில் டிரைக்கினெல்லா லார்வா இருந்தால் அதைத் தின்னும் அடுத்த நரிக்கும் காட்டுப்பன்றிக்கும் நீங்களே பரிமாறுகிறீர்கள். டிரைக்கினெல்லா நேட்டிவா வகை வீட்டு ஃப்ரீசர் குளிரில் சாகாது. குடலிலுள்ள நாடாப்புழு முட்டையும் மைனஸ் 20-ஐத் தாங்கும். அதனால்தான் ஆய்வகங்கள் அறுப்பதற்கு முன் உடலை மைனஸ் 80 டிகிரியில் சில நாட்கள் வைக்கின்றன.

செங்கால்நாரை:
உடலைக் காட்டில் விடக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆழமாகப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். ஆனால் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீவுகளிலாவது சுடுவதை நிறுத்தக் கூடாது.

நாடித்துடிப்பு:
தீவுகளில் யாரும் தடுக்கவில்லை. நிலப்பகுதியில், ரஷ்ய எல்லையோரத்தில் இரை போடும் காசை வேட்டைக்குத் திருப்பாதீர்கள் என்பதுதான் என் வாதம். ஃபின்லாந்து 1991-லேயே ரேபிஸ் அற்ற நாடு, இன்றும் அந்த எல்லையில் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது.