புதுப்பிப்பு: பெட்டிக்குப் பூட்டு மட்டும் போதாது

மலேசியா கிளம்பும் மண்ணடி, ராயபுரம் ஆட்களுக்காகப் போன பதிவில் 'ஜிப்புக்குச் சின்னப் பூட்டு போடுங்க' என்று முடித்துவிட்டேன். அது பாதிதான். ஜிப் பல்வரிசையில் பால்பாயின்ட் பேனா முனையைக் குத்தினால் பிளந்துவிடும். பூட்டிய ரன்னரையே (ஜிப்பைத் திறந்து மூடும் இழுப்பான்) ஒருமுறை ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். கைவைத்தது தெரியாது. ரன்னர் இரண்டையும் பெட்டியின் அசையாத கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டுங்க. அப்போதும் பிளக்கலாம், ஆனால் மூட முடியாது. ஏர்போர்ட்டில் பெட்டி வரும் பெல்ட்டிலேயே கண்டுபிடித்துப் புகார் கொடுக்கலாம்.

நகை, பணம், பவர்பேங்க் கைப்பையில்தான்.

பாஸ்போர்ட் நகல், 2 போட்டோ வேறு பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அந்த ஊர் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அங்கே கிடைக்கும் எமர்ஜென்சி சர்டிபிகேட் ஊர் திரும்ப மட்டுமே செல்லும்.