அம்மாவின் காலண்டர் தாள்கள்: எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?

ராயபுரத்துப் பெண்:
அடுத்த மாதம் அம்மாவுக்கு வருஷத் திதி. வருகிறவர்களுக்குக் கொடுக்க 16 பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம். அதில்தான் எனக்கும் தம்பிக்கும் தகராறு.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகி ராயபுரம் வந்ததிலிருந்து 78 வயதில் போகும்வரை அதே தெரு, அதே வீடு. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடமாட்டார். எழுத ஏதாவது இருந்தால் பின்பக்கம் நாலு வார்த்தை கிறுக்கி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். மளிகைக் கடையில் ரசீது குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பி. நிறைந்ததும் மஞ்சப்பைக்குள் போகும். பீரோவுக்கு மேலே அப்படி ஏழு மஞ்சப்பைகள் கிடைத்தன. 1999லிருந்து 2021 வரை. நடுவில் இரண்டு வருடத்தைக் கரையான் தின்றுவிட்டது.

பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்குதான். 2003, 2004இல் இந்த ஊரில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘லாரி வரல.’ ‘லாரி ராத்திரி 2 மணி. 8 கொடம்.’ ‘லாரி. 6 கொடம். மாடி வீட்டு கெழவிக்கு 2.’ அந்தப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பல வருடமாகப் பேச்சே கிடையாது. குடம் போன கதை எங்களுக்கு இப்போதுதான் தெரியும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அன்றைய தாளில்: ‘ரயில்ல தன்னி வருதாம். கொடம் எடுத்துக்கினு ஸ்டேசன் போவணுமா.’

மிச்சம் பேரன் கணக்கு. நான் வேலைக்குப் போனதால் என் பையனை வளர்த்தது அம்மாதான். ‘பையன் ஜொரம் 102. ஈரத்துணி 4 தடவ.’ ‘இட்லி 3 தின்னான்.’ ‘ஆயா சொல்ட்டான்.’ ஒரு தாளில் ‘ஒன்னும் இல்ல’ என்று மட்டும் இருக்கிறது. அதையும் எதற்குக் குத்தி வைத்தாரோ.

அப்பா 2009இல் தவறினார். அன்றைய தாளைப் பயந்துகொண்டேதான் தேடினேன். அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. மறுநாள் தாளில் ஒரே வரி: ‘பால் அறை லிட்டர் போதும்.’

தம்பி இதைத்தான் திருத்தச் சொல்கிறான். ‘அறை’ என்று அச்சில் வந்தால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்களாம். தன்னி, ஒன்னும், அறை எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகவேண்டும் என்கிறான். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பழைய மெய்ப்புக்காரன்:
திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் 30 வருடம் ‘ரகர றகர’ப் பிழை பிடித்தே சோறு தின்றவன் சொல்கிறேன்: இதில் கை வைக்காதீர்கள். கல்வெட்டைப் பதிப்பிக்கிறவர்கள் கல்லில் உள்ளதை உள்ளபடியே போடுவார்கள். சரியான வடிவம் தேவைப்பட்டால் பக்கத்திலோ அடியிலோ காட்டுவார்கள். நீங்களும் தாளைப் படமெடுத்து அப்படியே அச்சிடுங்கள். கையெழுத்து கண்ணுக்குத் தெரியும்போது யாரும் அதைப் பிழையாக வாசிக்க மாட்டார்கள். தட்டச்சு செய்து போட்டால்தான் தம்பி பயப்படுவது நடக்கும். முன்பக்கத்தையும் சின்னதாகப் போடுங்கள், தேதி முக்கியம். ஆனால் நீங்கள் எழுதும் முன்னுரையில் பிழை இருந்தால் அதற்கு மன்னிப்பு கிடையாது.

மந்தைவெளி வாசகி:
நான் தம்பி பக்கம். என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. கார்டை என்னிடம் கொடுத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்வார். முடிந்ததும் முதல் கேள்வி, “தப்பு இல்லாம எழுதினியாடி? அந்தாத்துல எல்லாரும் படிச்சவா.” பிழையோடு தன் பெயர் நாலு பேர் கைக்குப் போவதை அவர் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். உங்கள் அம்மா இவற்றை யாருக்கும் காட்டவில்லை, கதவுக்குப் பின்னால்தானே வைத்தார்? நமக்கு அழகாகத் தெரிவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அதையும் கொஞ்சம் யோசியுங்கள். மாடி வீட்டுப் பாட்டி தாளைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது, அது வேறு விஷயம்.

தாள் பொறுக்கி:
திருத்துவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. எனக்கு அந்த மஞ்சப்பைகளைப் பற்றித்தான் கவலை. காலண்டர் தாள் மட்டமான காகிதம், வெயில் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். ராயபுரத்தில் கடல் காற்று வேறு. முதலில் கம்பியிலிருந்து கழற்றுங்கள், துரு துளையைச் சுற்றிப் பரவிக்கொண்டே போகும். ரப்பர் பேண்ட், செலோ டேப், ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அட்டைப் பெட்டியில் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் போனிலேயே இரண்டு பக்கமும் படமெடுத்துவிடுங்கள். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது.

இதையெல்லாம் யார் சீந்துவார்கள் என்று நினைக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். அவர் பெயரில் தரமணியில் ஆராய்ச்சி நூலகமே நடக்கிறது.

ராயபுரத்துப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. மந்தைவெளி அக்கா சொன்னது இரண்டு நாளாய்த் தூங்க விடவில்லை. அம்மா கூச்சப்பட்டிருப்பாரா? ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டவர் என்பதும் ஞாபகம் வருகிறது. எனக்கு முடிவு தெரியவில்லை. அதனால் தம்பியையே கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாள்களோடு உட்கார வைத்தேன்.

முதலில் சிவப்புப் பேனாவோடுதான் வந்தான். மத்தியானம் பேச்சைக் காணோம். எட்டிப் பார்த்தால் ஒரே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 2001: ‘சின்னவன் 200 கேட்டான். குடுத்தேன். அவருக்கு சொல்லல.’ எதற்கு வாங்கினாய் என்று கேட்டேன், வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது, “அறை லிட்டர் அப்படியே இருக்கட்டும்க்கா. ஆனா 200 ரூபா தாளைப் போடாத” என்றான். சரி என்று அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். மடிக்காமல் பர்ஸில் வைக்கப் பார்த்தான், கொள்ளவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். லேமினேட் பண்ணிவிடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.