புதுப்பிப்பு: சாதாரண தரக் கணிதம், தங்கச்சி சித்தியடைந்துவிட்டாள்

"எனக்கு மண்டையில ஏறாது" என்று தங்கச்சி கணிதக் கொப்பியையே தொடாமலிருந்ததைப் பற்றி, என்ன செய்யலாம் என்று இலங்கையின் ஹட்டனிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் (O/L) பரீட்சையை இரண்டாவது முறை எழுதி, கணிதத்தில் திறமைச் சித்தி (C) எடுத்துவிட்டாள். எல்லாருக்கும் நன்றி!

கைகொடுத்தது நீங்கள் சொன்ன பிழைக் கொப்பி யோசனைதான். கடந்தகால வினாத்தாளில் பிழைத்த கணக்கை மட்டும் தனியே எழுதி, பிழைத்த வரியைச் சிவப்புப் பேனையால் குறித்து, ஒரு கிழமை கழித்துப் பார்க்காமல் திரும்பச் செய்தாள். முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களில் தொடங்குவது நல்லது. முன்னேற்றம் சீக்கிரம் தெரியும். அவளுக்குப் பெரும்பாலும் பிழைத்தது அடைப்புக்குறி நீக்கும்போது, மறைக் குறியில்.

கெட்டிக்காரி என்று புகழாமல் முயற்சியைப் பாராட்டச் சொன்னதும் உதவியது. உளவியலாளர்கள் முல்லர், டுவெக் 1998இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொல்கிறது.

எதிர்பாராதது: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா, "இன்னைக்கு எது பிழைச்சது?" என்று கேட்கத் தொடங்கினார். அவருக்கு விளக்கிச் சொன்ன கணக்குகள் திரும்பப் பிழைக்கவேயில்லை.