ஏற்காட்டு ஈரத்துல குழந்தைக்கு ஓயாத தும்மல், வழி சொல்லுங்க

ஏற்காட்டுல குடியிருக்கிறவங்க, முன்னாடி இருந்தவங்க யாராவது உதவுங்க.

பனி இறங்க ஆரம்பிச்சா என் எட்டு வயசுப் பொண்ணுக்கு விடிஞ்சதுமே அடுக்கடுக்கா தும்மல். உள்ளங்கையால மூக்கை மேல்நோக்கித் தேய்ச்சுத் தேய்ச்சு, மூக்குல குறுக்கா ஒரு கோடே விழுந்துடுச்சு. சேலத்துல காட்டினோம். தூசிப்பூச்சியும் பூஞ்சையும் ஒத்துக்கலையாம். மூக்குக்கு ஸ்ப்ரே கொடுத்திருக்காங்க, நல்லாவே கேட்குது. இனி வீட்டைத்தான் சரி பண்ணணும்.

போர்வை, தலையணை உறையை வாரம் ஒருதடவை 60 டிகிரி வெந்நீர்ல துவைச்சா தூசிப்பூச்சி செத்துடும். துவைச்சிடலாம், வெயிலே இல்லாம எங்க காயவைக்கிறது? உள்ளே கொடி கட்டினா அந்த ஈரமெல்லாம் சுவருக்குத்தான் போகுது. பீரோவை நகர்த்திப் பார்த்தா பின்னாடி சுவர் பூரா கறுப்புப் புள்ளி, தொட்டா விரல்ல ஒட்டுது. காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. அதுக்கு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற மெஷின், டீஹியூமிடிஃபையர், யாராவது வாங்கியிருக்கீங்களா? மலைமேல அது தாக்குப்பிடிக்குதா, கரண்ட் பில் எவ்வளவு ஏறுது?

இன்னொண்ணு. அத்தை வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி போடுவாங்க. பேத்தின்னா அவங்களுக்கு உயிர். ஆனா புகை பட்டதும் இவளுக்கு மூக்கு அடைச்சிடுது. அவங்க மனசு நோகாம, புகையில்லாம உங்க வீட்டுல எப்படி சாமி கும்பிடுறீங்க?