உபுண்டு 22.04: டிரைவர் போட்டும் என்விடியா கார்டு ஏறவில்லை

வணக்கம். காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல்லுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன், எல்லாம் இங்க்ஸ்கேப்பில்தான். போன வாரம் உபுண்டு லினக்ஸின் மையமான கெர்னல் 6.8க்கு அப்டேட் ஆனதிலிருந்து லாகின் திரையே வருவதில்லை. கறுப்புத் திரையில் இடது மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது.

கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடி 710. பழைய கெப்ளர் வகை, 470 வரிசைக்கு மேல் இதற்கு டிரைவர் கிடையாது. அதனால் புது வெர்ஷன் போடச் சொல்ல வேண்டாம்.

'உபுண்டு-டிரைவர்ஸ்' கட்டளையும் 470ஐத்தான் காட்டியது, அதைப் போட்டேன். சரிவரவில்லை. முழுக்க நீக்கிவிட்டு 'கூடுதல் டிரைவர்கள்' ஜன்னல் வழியாகவும் போட்டாயிற்று. பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதுப்பித்தேன். கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் அணைத்தே இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வருகிறது. அங்கே ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளை கொடுத்தால், லினக்ஸோடு வரும் திறமூல டிரைவரான நூவோ மட்டும் இருக்கிறது, என்விடியா மாட்யூல் இல்லை. ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ்ஸோ 6.8க்கு 470 இன்ஸ்டால் ஆகிவிட்டதாகவே சொல்கிறது.

பூட் ஆகும்போது நோமோட்செட் (கார்டு டிரைவர் திரையை அமைக்காமல் தடுக்கும் தெரிவு) கொடுத்தால் டெஸ்க்டாப் வருகிறது, ஆனால் 1024க்கு 768தான். பூ இதழின் வளைவெல்லாம் படிக்கட்டாகத் தெரிகிறது. அதை வைத்து அச்சுக்கு அளவு கொடுக்க முடியாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவுக்கான வரைபடம் இந்த வாரமே போக வேண்டும்.

பூட் ஆகும்போதே நூவோ உள்ளே வராமல் தடுத்து 470ஐ ஏற்ற என்ன செய்ய வேண்டும்?