கேக் டின்னில் இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கு எப்படி எடுப்பது?

மாவுக்கரண்டி:
அலுமினிய கேக் டின், ஓடிஜி (சிறிய மின்சார ஓவன்) கூட வந்த கறுப்பு ட்ரே, இரண்டிலும் மூலைகளில் தேன் நிறத்தில் பிசுக்கு பிடித்திருக்கிறது. பாத்திர சோப்பு, வெந்நீர் எதற்கும் அசையவில்லை. சலவை சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாமா?

அடுப்படி:
அலுமினியத்துக்குச் சலவை சோடா வேண்டவே வேண்டாம்ங்க. சோடாவின் காரத்தன்மை பட்டால் கறுக்கும், ஊறவிட்டால் குழி விழும். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர் இன்னும் மோசம், உலோகத்தையே அரிக்கும்.

அந்தப் பிசுக்கு இப்போது வெறும் எண்ணெய் இல்லை. சூட்டில் காற்றோடு சேர்ந்து வார்னிஷ் மாதிரி இறுகிவிட்டது. சோப்புக்கு அசையாதது அதனால்தான். டின்னில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்துச் சூடேற்றிக் கொட்டுங்கள். ஆப்பச் சோடா 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு குழைத்துப் பிசுக்கின் மேல் மட்டும் தடவி அரை மணி நேரம் விட்டு, நைலான் நாரால் தேயுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்யணும். ராத்திரி முழுக்க விடாதீர்கள். டின் கறுத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சை பிழிந்து அதிலேயே பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், வெளுக்கும்.

பேக்கிங்பித்து:
ட்ரே எனாமலா நான்-ஸ்டிக்கா என்று முதலில் பாருங்க. கண்ணாடி போலப் பளபளத்து, விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் எனாமல். அதற்குச் சலவை சோடா தாராளமாகப் போடலாம்: கொதிக்கும் தண்ணீர் லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி, இரண்டு மணி நேரம். கையுறை கட்டாயம். நான்-ஸ்டிக் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சும்தான். கம்பி நார் பட்டால் பூச்சு போச்சு.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்வார்கள், செய்யாதீங்க. நுரைதான் பொங்கும். ஒன்றை ஒன்று சமன்செய்துவிடுவதால் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்.

மாவுக்கரண்டி:
எனாமல்தான், விளிம்பில் சில்லு தெரிகிறது. ரொம்ப நன்றி. மறுபடி பிடிக்காமல் இருக்க?

அடுப்படி:
மாவு நிற்கும் உயரத்துக்கு மட்டும் எண்ணெய் தடவுங்கள். அதற்கு மேல் வெறும் சுவரில் பூசியதுதான் காய்ந்து ஒட்டுகிறது. ஸ்ப்ரே எண்ணெயில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் இருக்கும், அது சீக்கிரம் பிசுக்காகும். பிரஷ்ஷால் வெண்ணெய் தொட்டுப் பூசி, அடியில் பட்டர் பேப்பர் போட்டால் போதும்.